பழைய காரின் ஏசி: கேஸ் நிரப்புவதா, மாற்றுவதா?

சித்திரை பிறந்ததும் திருநெல்வேலி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏசி பட்டறையைத் தேடத் தொடங்குகிறார்கள். அங்கே அவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்லப்படும்: குறைந்த கேஸை மட்டும் நிரப்பிக்கொள்வது, முழு அமைப்பையும் ஆர்-134ஏ என்ற பிற்காலக் கேஸுக்கு மாற்றுவது, எண்ணெயையும் உதிரிகளையும் தொடாமல் வேறொரு கேஸை ஏற்றிவிடுவது. மூன்றுக்கும் கூலி வேறுபடுவதால் பலரும் விலையைக் கேட்டே முடிவெடுக்கிறார்கள். வண்டி எந்தக் கேஸுக்காகச் செய்யப்பட்டது, கசிவு எங்கே இருக்கிறது, கேஸின் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டென்சர் எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் அறிந்த பிறகே விலையைப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வண்டியை அறிந்துகொள்ள வேண்டும். பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா, தொடக்க கால மாருதி 800 போன்றவற்றில் ஏசி இருந்தால் அது பெரும்பாலும் ஆர்-12 என்ற பழைய கேஸுக்காக அமைக்கப்பட்டதாகவே இருக்கும். கேஸ் ஏற்றும் வால்வில் மரை இருந்தால் ஆர்-12. மரையின்றி அழுத்திப் பொருத்தும் வகையாக, உயர் அழுத்தப் பக்கத்துக்கும் தாழ் அழுத்தப் பக்கத்துக்கும் வெவ்வேறு அளவில் இருந்தால் ஆர்-134ஏ. பானெட்டுக்குள் ஒட்டிய சீட்டு அழியாமல் இருந்தால் கேஸின் பெயரும் எடையும் அதிலேயே இருக்கும்.

ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருள்களைக் கைவிடுவதற்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987-இல் உருவானது. இந்தியா அதில் 1992-இல் இணைந்து, 2008-இல் ஆர்-12 உள்ளிட்ட அத்தகைய கேஸ்களின் உற்பத்தியை, ஆஸ்துமா மருந்துக்கான சிறு விலக்கு நீங்கலாக, நிறுத்தியது. ஆகவே இன்று யாராவது "ஒரிஜினல் ஆர்-12 இருக்கிறது" என்று சிலிண்டரைக் காட்டினால், அது பழைய இருப்பாகவோ, வேறு வண்டியிலிருந்து மீட்டதாகவோ, போலியாகவோ இருக்க வேண்டும். போலியில் மிகவும் அஞ்ச வேண்டியது மெத்தில் குளோரைடு கலந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் சேர்மத்தை உருவாக்கும். காரின் கண்டென்சரும், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலும் பெரும்பாலும் அலுமினியமே.

இனி கேஸ் நிரப்புவதைப் பார்ப்போம். ஆர்-134ஏ வண்டியில் பல ஆண்டுகளாகக் குளிர்ச்சி மெல்லக் குறைந்திருந்தால் அது கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ரப்பர் குழாய்கள் வழியாகவும் நிகழும் இயல்பான கசிவாக இருக்கலாம். அப்போது வேக்கம் வைத்து, அதாவது பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, சீட்டில் உள்ள எடைக்குச் சரியாக நிரப்புவது நியாயமான வேலை. ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டியிருந்தால் நிலைமை வேறு. கேஸ் வெளியேறும்போது கம்ப்ரசருக்கு உயவு தரும் எண்ணெயும் அதோடு சிறிது சிறிதாக வெளியேறுகிறது. எண்ணெயை ஈடு செய்யாமல் கேஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், ஒரு நாள் கம்ப்ரசர் இறுகி, அதன் உலோகத் துகள்கள் கண்டென்சர் வரை பரவிவிடும். அன்றைக்கு வரும் செலவு, கசிவைத் தேடி அடைப்பதற்கான கூலியைப் போலப் பல மடங்கு. நைட்ரஜனைச் சுமார் 150 பிஎஸ்ஐ அழுத்தம் வரை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பார்க்கும் பட்டறையை நம்பலாம். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டியவுடன் கேஸைத் திறப்பவரிடம் நம் வண்டியை விட வேண்டியதில்லை.

ஆர்-12 வண்டியை ஆர்-134ஏ-வுக்கு மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை. அரைகுறையாகச் செய்தால் செய்யாததைவிடக் கெடுதல். ஆர்-12 அமைப்பில் இருப்பது மினரல் எண்ணெய். அது ஆர்-134ஏ-வில் கரையாது. கரையாத எண்ணெய் கேஸோடு சுற்றிக் கம்ப்ரசருக்குத் திரும்பாமல் கூலிங் காயிலிலேயே தேங்கிவிடும். எனவே பழைய எண்ணெயை இயன்ற வரை வெளியேற்றிக் குழாய்களைக் கழுவி, எஸ்டர் எண்ணெயை ஊற்ற வேண்டும். ஆர்-134ஏ-வுக்கான மற்றொரு எண்ணெயான பேக் (PAG) புதிய வண்டிகளில் நன்றாக வேலை செய்தாலும், பழைய அமைப்பில் எஞ்சிய குளோரினையும் மினரல் எண்ணெயையும் எஸ்டர் அளவுக்குத் தாங்காது. ட்ரையரை மாற்றியே ஆக வேண்டும், ஏனெனில் அதனுள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் புதிய கேஸுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். இணைப்புகளில் உள்ள ஓ ரிங் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்கம் வைத்து, பம்பை நிறுத்திய பிறகும் கேஜின் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பழைய ஆர்-12 எடையில் 80 முதல் 90 விழுக்காடு ஆர்-134ஏ போதும்; சீட்டில் 800 கிராம் என்று இருந்தால் 640 முதல் 720 கிராம். ட்ரையர் கண்ணாடியில் குமிழி மறையும் வரை ஏற்றுவது ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ-வில் அப்படி ஏற்றினால் பெரும்பாலும் அளவு மீறிவிடும். எடை பார்க்கும் தராசு இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

நம் ஊருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது கண்டென்சர். பூஜ்ஜியம் டிகிரியில் இரண்டு கேஸ்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பம் ஏற ஏறத்தான் அவை பிரிகின்றன. கண்டென்சர் 60 டிகிரிக்குப் போகும்போது ஆர்-12 சுமார் 205 பிஎஸ்ஐ காட்டினால், ஆர்-134ஏ சுமார் 230 காட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது உண்டு. அந்த வெயிலில் ஜங்ஷனிலும் வண்ணாரப்பேட்டையிலும் வண்டி நகராமல் நிற்கும்போது கண்டென்சருக்குக் காற்றே கிடைப்பதில்லை. குளிர்ந்த ஊர்களில் மாற்றிய வண்டி திருப்தியாக ஓடிவிடுவதும், அதே வேலை செய்த வண்டி இங்கே சிக்னலில் வெப்பக் காற்றை வீசுவதும் இதனால்தான். நகருக்குள் ஓடும் வண்டிக்கு, பழைய வளைகுழாய்க் கண்டென்சரை எடுத்துவிட்டு மெல்லிய இணைகுழாய் வகையைப் பொருத்தி, முன்னால் ஒரு மின்விசிறியும், அழுத்தம் மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்சும் சேர்ப்பதை மாற்றத்தின் பகுதியாகவே கருத வேண்டும். பணகுடி, காவல்கிணறு வழியாக நான்கு வழிச்சாலையில் மட்டுமே செல்லும் வண்டிக்கு, நல்ல நிலையில் இருந்தால் பழைய கண்டென்சரே போதலாம். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களின் வண்டிகளில் கதை வேறு. உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்துப் பொடியாக்கியிருக்கும். தொட்டால் உதிரும் கண்டென்சரில் எந்தக் கேஸை ஏற்றினாலும் வீண். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் அடைத்த கண்டென்சரையோ, மெல்லிய நீர்த்தாரையால் கழுவினாலே குளிர்ச்சி திரும்பிவிடலாம். கேஸ் பேச்சு எடுப்பதற்கு முன்பு இதைச் செய்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது வழியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய அறை ஏசிகளுக்கான ஆர்-22-ஐக் காரில் ஏற்றுவது. அதே 60 டிகிரியில் அதன் அழுத்தம் 340 பிஎஸ்ஐ வரை போகும். பழைய குழாய்களும் கம்ப்ரசரும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இதை ஏற்கவே முடியாது. மற்றொன்று, புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த ஹைட்ரோகார்பன் கேஸ். குளிர்விக்கும் திறனில் அதற்குக் குறையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: மினரல் எண்ணெயோடு நன்றாகக் கலக்கிறது, குறைந்த எடையே போதுமானது, ஓசோனுக்குத் தீங்கில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் இந்த இனக் கேஸ் பயன்படுகிறது. ஆனால் பெட்டியில் இருப்பது முழுவதும் வெல்டிங் செய்து மூடிய, அசையாத, சிறிதளவு கேஸ் மட்டுமே கொண்ட அமைப்பு. காரிலோ அதிர்வும் ரப்பர் குழாய்களும் உண்டு. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள், மூடிய கண்ணாடிகளுக்குள் இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய கேஸ் அங்கே கசிந்தால், ஒரு சுவிட்சின் பொறி போதும். குழந்தைகள் உட்காரும் வண்டியில் இதை ஏற்ற நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே ஆர்-134ஏ வண்டிக்குக் கசிவை அடைத்து, எடை பார்த்து நிரப்புவதே சரி. ஆர்-12 வண்டிக்கு, உரிமையாளர் இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்க விரும்பினால், கண்டென்சரோடு சேர்ந்த முழு மாற்றமே சரி; அதற்கான பணம் இந்த ஆண்டு இல்லையென்றால் கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்றி, இணைப்புகளைத் திறக்காமல் அமைப்பை அப்படியே விட்டுவைக்கலாம். மாற்றும்போது எஞ்சிய ஆர்-12-ஐக் காற்றில் திறந்துவிடாமல் மீட்புக் கருவியில் சேகரிக்கச் சொல்ல வேண்டும்: நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் ஒரு கிலோ ஆர்-12, ஏறத்தாழ பத்தாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பூமியில் பிடித்துவைக்கிறது, ஆர்-134ஏ-வுக்கு அது ஆயிரத்து முந்நூறிலிருந்து ஆயிரத்து நானூறு வரை.

வேலை முடிந்ததும், எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த எண்ணெய், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டைப் பானெட்டுக்குள் ஒட்டச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த பட்டறைக்காரர் பழைய மரை வால்வைப் பார்த்து வேறு கேஸைக் கலந்துவிட வாய்ப்புண்டு, கலந்த கேஸை மறுபடி பிரிக்கும் வசதி எந்தச் சாதாரணப் பட்டறையிலும் கிடையாது.