ஐ மேரீட் டோரா: 13 எபிசோடில் முடிந்துபோன பேருக்குக் கல்யாணம்

1987 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனல் இரண்டு புதிய குடும்ப நகைச்சுவைத் தொடர்களைக் களமிறக்கியது. அதன் பிறகு இரண்டும் வெள்ளிக்கிழமை இரவு அடுத்தடுத்த அரைமணி நேரத்தில் வந்தன. எட்டு மணிக்கு 'ஃபுல் ஹவுஸ்', எட்டரைக்கு 'ஐ மேரீட் டோரா'. முன்னது எட்டு சீசன் ஓடி 1995இல்தான் நின்றது. பின்னது 13 எபிசோடோடு 1988 ஜனவரி 8 அன்று கடையைக் கட்டியது. இரண்டிலும் அம்மா இல்லாத வீடு, வளரும் பிள்ளைகள், கைகொடுக்க வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அடிப்படை ஒன்றுதான். ஆனாலும் டோரா ஏன் நிற்கவில்லை என்று பார்த்தால், பேருக்குக் கல்யாணம் என்ற கருவை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுப்பதன் கஷ்டம் முழுக்கப் புரிந்துவிடும்.

கதை எளிமையானது. பீட்டர் ஃபாரல் லாஸ் ஏஞ்சலஸில் வீடு, கட்டடம் வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட். மனைவி விட்டுப் போய்விட்டாள். கேட், வில் என்று இரண்டு பிள்ளைகள். வீட்டோடு தங்கிச் சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் எல் சால்வடோரிலிருந்து வந்த டோரா கால்டெரோன். அவளை நாடு கடத்தப்போகிறார்கள் என்ற நிலை வருகிறது. அவள் போனால் வீடு நிற்காது. வேறு வழி தெரியாமல் பீட்டர் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். காகிதத்தில் புருஷன் பெண்டாட்டி, வீட்டில் பழையபடி முதலாளியும் வேலைக்காரியும். பீட்டராக டேனியல் ஹியூ கெல்லி, டோராவாக எலிசபெத் பெனா. மூத்த மகள் கேட்டாக வருவது அப்போது 14 வயதான ஜூலியட் லூயிஸ். தொடரை உருவாக்கிய மைக்கேல் லீசன் சாதாரண ஆள் இல்லை. 'டாக்ஸி' தொடருக்கு எழுதியவர், 'தி காஸ்பி ஷோ'வை உருவாக்கியவர்களில் ஒருவர்.

தொடருக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை போட்டார்கள். நாடு கடத்தலைத் தவிர்க்கக் கல்யாணம் செய்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், இதை உங்கள் வீட்டில் முயன்று பார்க்காதீர்கள் என்ற பொருளில் வரும் அறிவிப்பு அது. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த சட்டத்துக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் தொடர் எதைக் கையில் வைத்திருந்தது, எதைக் கைவிட்டது என்பது பிடிபடும்.

1986 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த திருமண மோசடித் திருத்தச் சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. முதலாவது, கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகாத நிலையில் கணவன் அல்லது மனைவி வழியாக வரும் கிரீன் கார்டை (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியை) நிபந்தனையோடு மட்டுமே கொடுக்கும். அது இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, அக்கம்பக்கத்தார் கடிதம் எல்லாம் இதில் சேரும். போடத் தவறினால் கார்டு ரத்து. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் கல்யாணம் வழியாகக் கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுக் கணக்கு இன்றும் நன்றாகவே தெரியும்.

இரண்டாவது, குடியேற்றச் சட்டத்தை ஏய்க்கத் தெரிந்தே கல்யாணம் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 2,50,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். இது வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமல்ல, உடந்தையாக இருக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கும் உண்டு. அதாவது பீட்டருக்கும். அதோடு, மோசடிக் கல்யாணம் என்று ஒருமுறை முடிவானால், பிறகு டோரா போன்ற ஒருத்தி உண்மையாகவே ஒருவரைக் காதலித்து மணந்தாலும் அந்தக் கணவன் போடும் மனுவை ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் கதையைப் பொறுத்தவரை மிக முக்கியம். நாடு கடத்தும் வழக்கு தொடங்கிய பிறகு நடந்த கல்யாணம் என்றால், அந்தப் பெண் அமெரிக்காவுக்கு வெளியே இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வந்தால்தான் மனுவையே எடுப்பார்கள். உண்மையான கல்யாணம் என்று தெளிவாக நிரூபிப்பவர்களுக்கு 1990இல்தான் விலக்கு வந்தது. ஆக, 1987இல் டோராவின் பெயரில் வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பீட்டர் செய்த கல்யாணம் அவளைக் காப்பாற்றியிருக்காது. அவள் போகத்தான் வேண்டியிருந்திருக்கும். வழக்குத் தொடங்குவதற்கு முந்தைய நாளா, மறுநாளா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு நாளை வைத்தே முதல் எபிசோடை நகத்தைக் கடிக்க வைக்கும்படி எழுதியிருக்கலாம்.

டோரா திரும்பிப் போகப் பயந்த நாட்டையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். 1986 அக்டோபரில் தலைநகரை உடைத்துப் போட்ட நிலநடுக்கம் வேறு. ஆனாலும் அந்த அரசுக்கு அமெரிக்கா துணை நின்றதால், அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு அமெரிக்காவில் அடைக்கலம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. 1984இல் முடிவான சால்வடோர்காரர்களின் அடைக்கல மனுக்களில் 3 சதவீதம்கூடத் தேறவில்லை. தொடர் ஓடிய அதே மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அமெரிக்காவில் இருந்த ஆவணமற்றவர்களுக்குப் பொதுமன்னிப்பு மனு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1987 மே தொடங்கி 1988 மே வரை அந்தக் கதவு திறந்திருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதில் இடம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் எத்தனையோ வீடுகளில் அந்த வருடம் பேசிய பேச்சே இதுதான். அந்த ஊரிலேயே நடக்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் அமைந்திருக்காது.

இனி தொடரின் குறைக்கு வருவோம். பேருக்குக் கல்யாணம் என்ற கருவில் கதைக்கு வேகம் கொடுப்பது கல்யாணம் இல்லை, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். தாலி கட்டியதும் கதை முடிந்துவிடக் கூடாது, அங்கிருந்துதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக் கெடு, தனித்தனி அறையில் அதிகாரி கேட்கும் கேள்விகள், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியிடமும் எந்தக் கதையைச் சொல்வது என்ற குழப்பம், வாயை அடக்க முடியாத சின்னப் பையன் என எல்லாம் கையிலேயே இருந்தன. ஐம்பது எபிசோடுக்குத் தாங்கும் சரக்கு. 'ஐ மேரீட் டோரா' இதைப் பயன்படுத்துகிறது, ஆனால் ஊறுகாய் போல. போகப் போக அலுவலக வம்பு, பிள்ளைகளின் பள்ளிப் பிரச்சினை, இவர்கள் இருவரும் நிஜமாகவே சேர்ந்துவிடுவார்களா என்ற மெல்லிய இழுவை என்று அந்தக் காலத்தின் வழக்கமான பாதைக்கு வந்துவிடுகிறது. சட்டம் பின்னால் போனதும் பயம் போய்விடுகிறது. பயம் போனதும், ஒரு நல்ல மனிதரின் வீட்டில் ஒரு நல்ல பெண் வேலை பார்க்கிறாள் என்ற அளவுக்குக் கதை சுருங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் சமநிலை. இந்தக் கருவில் இருவருக்கும் தேவை இருக்க வேண்டும், இருவருக்கும் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். இங்கே பீட்டர் அவளைத் தங்கவைப்பவன். டோரா தங்கவைக்கப்படுபவள். கூடவே அவன் சம்பளம் கொடுக்கும் முதலாளி. ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டே இருக்கும் உறவில் சண்டை சமமாக நடக்காது. சமமாக நடக்காத சண்டையில் சிரிப்பு எடுப்பது கடினம். மேலே சொன்ன சிறைத் தண்டனையை எழுத்தாளர்கள் உறுதியாகப் பிடித்திருந்தால் இந்தக் குறை தானாகவே சரியாகியிருக்கும். டோரா வாயைத் திறந்தால் பீட்டரும் உள்ளே போவான் என்றால், அவளும் அவனும் ஒரே தராசில்.

எழுத்து தராத சமநிலையை நடிப்பில் கொண்டுவருகிறவர் எலிசபெத் பெனா. இந்தத் தொடரைத் தேடிப் பார்க்க ஒரே காரணம் சொல்லச் சொன்னால் அவர்தான். கியூபக் குடும்பத்தில் பிறந்தவர். இது வரும்போது வயது 28 ஆகிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு கோடையில் வந்த 'லா பாம்பா' படத்தில் பெயர் வாங்கியிருந்தார். வேலைக்காரி பாத்திரத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி அப்போது எதிர்பார்த்த குழைவு இவரிடம் இல்லை. பீட்டர் பேசி முடித்ததும் உடனே பதில் சொல்ல மாட்டார். ஒரு நொடி பார்ப்பார், பிறகு சொல்வார். அந்த ஒரு நொடியில் யார் வீட்டு எஜமான் என்பது மாறிவிடும். ஒரு லத்தீன் பெண்ணைத் தலைப்பிலேயே வைத்து, அவளைச் சுற்றியே கதையை ஓட்டியது அன்றைய பெரிய சேனல்களில் அபூர்வம். பெனா 2014இல் 55 வயதில் இறந்தார். இந்தப் பாத்திரத்தை இன்னும் கூர்மையாக எழுதியிருந்தால் அவர் எங்கே கொண்டுபோயிருப்பார் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

கெல்லி குறை சொல்ல முடியாத நடிகர், ஆனால் இதில் அவருக்கு நல்லவராக இருப்பதைத் தவிர வேலை இல்லை. லூயிஸின் கேட் சுறுசுறுப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க 'நெட் அண்ட் ஸ்டேசி' பொருத்தமான தொடர். 1995இல் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கி 1997 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மொத்தம் 46 எபிசோட் எடுத்தார்கள், அதில் சில அப்போது ஒளிபரப்பாகவே இல்லை. இதுவும் பேருக்குக் கல்யாணம்தான், ஆனால் கணக்கு சரியாகப் போடப்பட்டது. விளம்பர நிறுவனத்தில் இருக்கும் நெட்டுக்குப் பதவி உயர்வு வேண்டும், அதற்கு ஒரு மனைவி வேண்டும். ஸ்டேசிக்கு நியூயார்க்கில் இருக்க இடம் வேண்டும், அவனிடம் அபார்ட்மெண்ட் இருக்கிறது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. இந்த முழு ஒப்பந்தத்தையும் ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் இருவரும் மாறி மாறிச் சில வரியில் சொல்லிவிடுவார்கள். புதிதாகப் பார்க்க வருபவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. தாமஸ் ஹேடன் சர்ச்சும் டெப்ரா மெஸ்ஸிங்கும் சரிக்குச் சரி. யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை என்பதால் வாய்ச்சண்டை பொறி பறக்கிறது. ஆனால் அங்கே சிறை இல்லை, நாடு கடத்தல் இல்லை. பதவி உயர்வு கிடைத்துவிட்ட பிறகு ஏன் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் தளர்ந்துகொண்டே போகிறது. அதில் சமநிலை உண்டு, கெடு இல்லை. டோராவில் கெடு உண்டு, சமநிலை இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் இந்தக் கருவில் வந்த ஆகச் சிறந்த தொடர் ஒன்று கிடைத்திருக்கும்.

டோராவின் கடைசி எபிசோட் தனிக்கதை. பீட்டருக்கு பஹ்ரைனில் பெரிய சம்பளத்தில் வேலை வருகிறது, குடும்பத்தை விட்டுப் போக முடிவெடுக்கிறான். (இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டிய நேரத்தில் கணவன் வளைகுடாவுக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று அங்கேயே ஒரு கதை எழுதியிருக்கலாம்.) விமான நிலையத்தில் எல்லோரும் கண்ணீரோடு வழியனுப்புகிறார்கள். அவன் உள்ளே போகிறான். போன வேகத்தில் திரும்பி வருகிறான். ரத்தாகிவிட்டது என்கிறான். விமானமா என்று டோரா கேட்கிறாள். இல்லை, நம் தொடர் என்கிறான். கேமரா பின்னால் நகர்கிறது, செட் தெரிகிறது, நடிகர்களும் படப்பிடிப்புக் குழுவும் கையாட்டி விடைபெறுகிறார்கள்.

அந்தக் காலத்தில் எடுபடாத தொடர் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த வாரம் காணாமல் போகும். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது. இவர்கள் நேரே முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். மொத்தத் தொடரிலும் மிகத் துணிச்சலான காட்சி அதுதான். பேருக்குப் போட்ட வேஷத்தைப் பற்றிய கதை, கடைசியில் தன் வேஷத்தையே கலைத்துக் காட்டுகிறது. அந்தத் துணிச்சலில் பாதி முன்பே இருந்திருந்தால்!

பார்க்க நினைப்பவர்களுக்கு: நல்ல பிரதியை எதிர்பார்க்க வேண்டாம். இணையத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் யாரோ வீட்டில் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்த மங்கலான பிரதிகள், சிலவற்றில் அன்றைய விளம்பரத்தோடு. முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் கட்டாயம் பாருங்கள். நடுவில் உள்ளவற்றில் டோராவின் சகோதரி மரிசோல் வரும் காட்சிகளைத் தேடிப் பார்க்கலாம். சொந்த பாஷைக்காரி பக்கத்தில் இருக்கும்போது பெனாவின் நடிப்பில் ஒரு தளர்வு வரும், வேறு எங்கும் கிடைக்காதது. மற்றவற்றைத் தவறவிட்டால் நஷ்டமில்லை. எச்சரிக்கை வரும் தொடக்கத்தை மட்டும் ஓட்டித் தள்ளிவிடாதீர்கள்.