சொந்த டாப் 20 பட்டியல்: 300 வாரங்களுக்குப் பிறகு

2019 ஜூன் மாதம் 80 பக்க நோட்டு ஒன்றில் தொடங்கிய என் சொந்த டாப் 20 பட்டியல், இப்போது 300 வாரங்களைக் கடந்துவிட்டது. தமிழ், இந்தி, ஆங்கிலம், கொரியன் என்று மொழி பிரிக்காமல், அந்த வாரம் எனக்குப் பிடித்த 20 பாப் பாடல்களை வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு 20 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி என்று கொடுத்து, ஆண்டு முடிவில் கூட்டிப் பார்ப்பேன். வீடு வியாசர்பாடியில், வேலை கடற்கரை நிலையத்துக்குப் பக்கத்தில். ஆகவே பெரும்பாலும் மின்சார ரயிலில்தான் பாட்டுக் கேட்கிறேன்.

பட்டியல் எழுத முதலில் ஞாயிற்றுக்கிழமையை வைத்திருந்தேன். 2015 ஜூலை முதல் உலகின் பல நாடுகளில் புதிய பாடல்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாவதால், ஞாயிறன்று இரண்டே நாள் பழகிய பாட்டு, புதுசு என்கிற ஒரே தகுதியில் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. வியாழன் இரவுக்கு மாற்றிய பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலும் கேட்புக் கணக்கை வெள்ளி முதல் வியாழன் வரையே எடுக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பாட்டை நீக்குவது, சேர்ப்பதைவிடக் கடினம். பட்டியலின் கீழ்ப்பாதியில் பழக்கதோஷத்தால் தங்கிவிட்ட பாடல்கள் மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. 20 வாரம் கடந்த பாட்டு 50ஆம் இடத்துக்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடுவது பில்போர்டு நெடுங்காலம் வைத்திருந்த விதி. அதைச் சுருக்கி, 20 வாரத்துக்குப் பின் 10ஆம் இடத்துக்குக் கீழே போனால் நீக்கம் என்று வைத்துக்கொண்டேன். முதல்முறை நீக்கியபோது மனசு கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2020இல் பட்டியலையும் கூட்டலையும் எக்ஸெலுக்கு மாற்றினேன். கணக்குக்கு அது வசதிதான். ஆனால் பழைய வாரத்தைத் திறந்து, இன்றைய ரசனைக்கு ஏற்ப இடம் மாற்றிவிடும் சபலமும் கூடவே வந்தது. அப்படி நான் கைவைத்த நான்கு மாதப் பட்டியலை இன்றும் நம்ப முடியவில்லை. அடித்தால் தடம் தெரியும் நோட்டுக்கே திரும்பினேன். எக்ஸெல் இப்போது கூட்டுவதற்கு மட்டும்.

பெரிய தவறு வேறு. 2021 தொடக்கத்திலிருந்து, பாட்டுச் செயலி காட்டும் எண்ணிக்கையை வைத்தே இடம் கொடுத்தேன். இரவில் நான் தூங்கிய பிறகும் தானாக ஓடிய ஒரு பாட்டு 41 முறை என்று காட்டி முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'யை, டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் நாள் முழுக்கக் கேட்டு, வீட்டிலும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். செயலியில் தேடிப் போட்டது நான்கே முறை என்பதால் அது 13ஆம் இடத்தில் நின்றது. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் நாட்களில் ஒலிபெருக்கி போடும் பாட்டை எண்ணினாலும் சிக்கல்தான்: அது தெருவின் தேர்வு, என்னுடையது அல்ல.

விடை 2023 டிசம்பரில் கிடைத்தது. மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, வியாழன் இரவு நான்காவது நாளாக மின்சாரம் இல்லை, போனும் அணைந்திருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், எண்ணிக்கை எதுவும் கையில் இல்லாமல், மனதில் தானாக ஓடிய பாடல்களை வரிசையாக எழுதினேன். பின்னர் செயலியைத் திறந்து பார்த்தபோது அந்த 20இல் 7 பாடல்கள் அதன் கணக்கில் எங்கோ கீழே கிடந்தன; இரண்டு மாதம் கழித்தும் நான் விரும்பிக் கேட்டவற்றில் அந்த ஏழில் ஐந்து இருந்தன.

அன்றிலிருந்து முதலில் நோட்டில் எழுதிவிட்டு, பிறகே செயலியைத் திறக்கிறேன். இன்னொன்று: வெள்ளத்தில் நனைந்த பழைய நோட்டுகளில் ஜெல் பேனாவால் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய 2019ஆம் ஆண்டுப் பட்டியல் முழுதாகப் படிக்கும்படி இருக்கிறது.