ஐ-யையும் டி-யையும் அணைக்கவிடும் டெம்பரேச்சர் கண்ட்ரோலர்

பேனலில் மாட்டும் 48-க்கு 48 மி.மீ. முகப்புள்ள பி.ஐ.டி. (ப்ரபோர்ஷனல், இன்டெக்ரல், டெரிவேட்டிவ்: பிழையின் அளவு, அதன் சேர்ந்த தொகை, அது மாறும் வேகம் மூன்றையும் பார்த்து வெளியீட்டைத் தீர்மானிப்பது) டெம்பரேச்சர் கண்ட்ரோலர். கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்) உள்ளீடு, எஸ்.எஸ்.ஆர். (அசையும் பாகமில்லாத மின்னணு ரிலே) வெளியீடு, ஒரு அலாரம் ரிலே. பி, ஐ, டி அளவுகளைத் தானே கண்டுபிடித்து வைக்கும் இதன் ஆட்டோ டியூனைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: இன்டெக்ரலையும் டெரிவேட்டிவையும் சைபராக வைத்தால் இரண்டும் முழுசாக அணைந்துவிடுகின்றன, வெறும் ப்ரபோர்ஷனல் மட்டும் மிஞ்சுகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கண்ட்ரோல் சொல்லித்தரும் எனக்கு இதுதான் வேண்டும்.

சின்ன ஹீட்டர் பெட்டியில் மாட்டி, செட் பாயிண்ட் (எட்டவேண்டிய வெப்பநிலை) 150 டிகிரி, ப்ரபோர்ஷனல் பேண்ட் (வெளியீடு 100 சதவீதத்திலிருந்து சைபருக்கு இறங்கும் வெப்பநிலை அகலம்) 40 டிகிரி என்று வைத்தேன். 138 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. திரையில் வெளியீடு 30 சதவீதம். 12 டிகிரி பிழையை 40-ஆல் வகுத்தாலும் அதே 30 சதவீதம்தான் வரும். அந்தச் சூட்டில் பெட்டி இழக்கும் வெப்பத்தை ஈடுகட்ட அவ்வளவு பவர் வேண்டும். பிழை இருந்தால்தான் பவர் கிடைக்கும். செட் பாயிண்டை எட்டாமல் நின்றுவிடும் இந்த ஆஃப்செட் ஏன் வருகிறது என்று பலகையில் எழுதிக் காட்டுவதைவிட இந்த இரண்டு எண்கள் நன்றாகப் புரியவைக்கின்றன.

பேண்டை 20 ஆக்கியதும் 144 பக்கம் வந்தது. 8 ஆக்கினால் 147-ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடுகிறது, அடங்குவதாகக் காணோம். ஹீட்டரின் சூடு சென்சாருக்குப் போய்ச் சேர நேரமாகிறதே, அதன் விளைவு. ஸீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் தந்த டியூனிங் முறை இந்த ஆட்டத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது: ஆட்டம் கூடாமலும் குறையாமலும் நீடிக்கும் கெயினை (பிழைக்கு வெளியீடு எவ்வளவு பலமாக மாறுகிறது என்ற அளவை) கண்டுபிடி, பி மட்டும் போதுமென்றால் அதில் பாதியை வை.

மேனுவல் ரீசெட்டும் இருக்கிறது, அதாவது பிழை சைபராக இருக்கும்போதும் கொடுக்கவேண்டிய வெளியீட்டை நாமே வைக்கலாம். 33 சதவீதம் கொடுத்தேன், சரியாக 150-இல் உட்கார்ந்தது. மூடியைக் கொஞ்சம் திறந்ததும் இறங்கிப்போய் வேறு இடத்தில் நின்றது. அதைப் பார்த்தவர்களுக்கு, அந்த ரீசெட்டைத் தானே சரிசெய்துகொண்டே இருக்கும் இன்டெக்ரல் எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குறை என்றால் கையேடுதான். பேண்ட் குறுகினால் கெயின் கூடும் என்ற அடிப்படை விஷயம்கூட அதில் இல்லை. எஸ்.எஸ்.ஆர். மாடலுக்கும் சைக்கிள் டைமை (ஹீட்டர் ஒருமுறை ஆனாகி ஆஃபாகும் மொத்த நேரத்தை) 20 விநாடியாகவே வைத்து அனுப்புகிறார்கள். அது மெக்கானிக்கல் ரிலேவுக்கான அளவு. சின்ன ஹீட்டரில் அந்த 20 விநாடிக்கு ஏற்ப வெப்பநிலை அலைவது திரையிலேயே தெரியும். வாங்கினால் முதலில் அதை 2 ஆக்கிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.