டிராக்டரில் பூட்டும் வடிகால் வெட்டி: நான்கு மழைக்காலங்களுக்குப் பிறகு

சென்ற வாரம் என் டிராக்டருக்குக் கிளட்ச் தட்டு மாற்றினேன். நான்கு ஆண்டுகளில் இது இரண்டாவது முறை. பட்டறையிலிருந்து வண்டி வீடு வந்து சேர்ந்த அன்று மாலையே தங்கை வீட்டு மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்து, தானும் என்னைப் போல ஒரு வடிகால் வெட்டும் கருவி வாங்கலாமா என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. பட்டறைச் சீட்டு சட்டைப் பையில் இருக்கும்போது நான் என்ன சொன்னாலும் அந்தச் சீட்டுதான் பேசும் என்று தோன்றியதால், இரண்டு நாள் பொறுத்து விரிவாக எழுதுவதாகச் சொன்னேன்.

இந்தக் கருவியைக் கடைக்காரர்கள் டிச்சர் என்கிறார்கள்; எங்கள் வீட்டில் வடிகால் மிஷின் என்றே பெயர். வண்டியின் பின்புறத்து மும்முனை இணைப்பில் பூட்டுவது, எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குத் தரும் பி.டி.ஓ. தண்டின் நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடுவது, 45 குதிரைத்திறனுக்குக் குறைந்த வண்டியைத் திணற அடிப்பது ஆகியவை வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்தவைதாம். ஆகவே அவற்றைத் திரும்ப எழுதவில்லை.

எனக்கு முத்துப்பேட்டைப் பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அதில் பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. அடுத்த ஆண்டு 25 அடி இடைவெளியில் புதுக் கன்றுகள் நட்டோம். இளங்கன்றின் வேர் நீரில் ஊறி நின்றால் அடி மட்டை பழுப்பதில் தொடங்கி குருத்து வரை சோர்ந்துவிடும்; எங்கள் களிமண்ணிலோ ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை மார்கழி வரை வடியாது. ஆள் வைத்து வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஜேசிபியை விட்டு ஓர் ஆண்டு வெட்டினேன். வெட்டிய மண்ணை அது இரு கரையிலும் மலைபோல் குவித்துவிட்டுப் போயிற்று. அந்த மழைக்காலம் முழுவதும் தோப்பில் தண்ணீர் தேங்கி நிற்க, கரை கட்டிய வடிகால் பாதி வெறுமையாகக் கிடந்தது. மேட்டைத் தாண்டித் தண்ணீர் எப்படிப் பள்ளத்துக்குள் இறங்கும்? அண்ணன் மகன் மண்வெட்டியோடு போய் இருபது அடிக்கு ஒரு வாய் வெட்டிவிட்ட பிறகே வடிந்தது.

அதனால்தான் 2021 கோடையில் இந்தக் கருவியை வாங்கினேன். அதன் மீது எனக்கு இன்றும் குறையாத மகிழ்ச்சியும் இந்த ஒரு காரணத்தால்தான். சுழலும் கத்திகள் மண்ணைச் சீவி, ஒரு பக்கமாகப் பத்து மீட்டர் தூரம் வரை மெல்லிய தூவலாக எறிந்துவிடுகின்றன. வடிகாலின் கரை தரையோடு தரையாக நிற்கிறது. தோப்பின் எந்த மூலையிலிருந்தும் மழைநீர் தடையின்றி நழுவி உள்ளே இறங்குவதைக் குடைபிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். வீட்டில் அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எறியப்பட்ட மண் விரல் கனத்துக்குக்கூடச் சேராமல் பரவுவதால் கன்றுகளின் தூரும் மூடிப்போவதில்லை. இரண்டு வரிசைக்கு நடுவே ஓட்டினால் இரு பக்க மரங்களுக்கும் பன்னிரண்டு அடிக்கு மேல் தள்ளியே கத்தி போகிறது. தென்னையின் வேர்க்கூட்டம் பெரும்பாலும் தூரைச் சுற்றி ஆறேழு அடிக்குள் இருப்பதால் வேர்ச் சேதமும் அதிகமில்லை. இவ்வளவையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நான்கு ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதிக்கும் ஒரு குணம் இதற்கு உண்டு. இது பள்ளம் வெட்டும், நீர் ஓடுவதற்கான சரிவாகிய வாட்டம் வெட்டாது. நீங்கள் 18 அங்குலம் என்று வைத்தால் தரையிலிருந்து 18 அங்குலம் வெட்டிக்கொண்டே போகும். தரை மேடேறினால் வடிகாலின் அடியும் மேடேறும், தரை இறங்கினால் அடியும் இறங்கும். தண்ணீருக்குத் தரை ஒரு பொருட்டில்லை. அதற்கு மட்டம் மட்டுமே தெரியும்.

என் தோப்பின் நீளம் 660 அடி. தலையிலிருந்து கடை வரை தரையின் இயற்கைச் சரிவு மொத்தமே 4 அங்குலம்தான். அதிலும் நடுவில், பழைய வரப்பு இருந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத 6 அங்குல மேடு ஒன்று இருக்கிறது. முதல் ஆண்டு இதையெல்லாம் யோசிக்காமல், புரட்டாசியில் ஒரே நாளில் ஐந்து வடிகால்களையும் ஒரே ஆழத்தில் வெட்டி முடித்துவிட்டு, ஊருக்கே காட்டிப் பெருமைப்பட்டேன். அந்த நவம்பரில் டெல்டாவில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். வடிகாலின் அடி, நடுவில் தலைப்பகுதியைவிட 4 அங்குலம் உயரமாக இருந்தது. ஆக, மேற்புறத்துப் பாதித் தோப்பின் தண்ணீர் முழுவதும் வடிகாலுக்குள் இறங்கி, நடு மேட்டில் முட்டிக்கொண்டு, 300 அடி நீளத்துக்குக் குட்டையாக நின்றது. தோப்பில் நின்ற தண்ணீரை வடிகாலில் நிறுத்தி வைப்பதற்கு நான் டீசல் செலவழித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

மேடு பள்ளத்தை அப்படியே நகலெடுத்தால்கூட மன்னித்துவிடலாம். கருவி அதைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. வண்டியின் முன் சக்கரம் ஒரு வரப்பில் 4 அங்குலம் ஏறினால், பின் அச்சை மையமாகக் கொண்டு வண்டி நிமிர்வதால், பின்னால் தொங்கும் கருவி ஏறக்குறைய 3 அங்குலம் கீழே குத்துகிறது. சில அடிகள் கழித்துப் பின் சக்கரம் அதே வரப்பில் ஏறும்போது கருவி மேலே எழும்பிவிடுகிறது. ஒரு சிறு வரப்புக்கு அடியில் ஒரு குழியும் ஒரு திட்டும் தவறாமல் அமைந்துவிடுகின்றன. இதற்கு, கருவியை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் லீவரைக் கையில் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அதுவும், சக்கரம் ஏறிய பிறகு இழுத்தால் காலம் கடந்துவிடும், ஏறப்போகிறது என்று தெரியும்போதே இழுக்க வேண்டும். முன்னால் தரையைப் பார்ப்பதா, பின்னால் கத்தியைப் பார்ப்பதா என்று கழுத்து திரும்பித் திரும்பி, 3,300 அடி ஓட்டி முடித்த இரவு தலையணையில் தலை வைக்க முடியவில்லை.

இரண்டாம் ஆண்டு புத்தி வந்து, கொத்தனார்கள் நீர் நிரப்பி மட்டம் பார்க்க வைத்திருக்கும் மட்டக்குழாயை வாங்கினேன். முப்பது அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டக் குறி போட்டு, அந்தக் குறியிலிருந்து வடிகாலின் அடி எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதினோம். 660 அடிக்கு 8 அங்குலம் வாட்டம், அதாவது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தால், தலையில் 16 அங்குல ஆழம், நடு மேட்டில் 24 அங்குலம், கடையில் 20 அங்குலம் என்று கணக்கு வந்தது. 24 அங்குலம் என்பது என் கருவியின் கடைசி எல்லை. அதை ஒரே ஓட்டத்தில் வெட்ட முடியாது, முதலில் மேலாக ஒன்று, பிறகு ஆழமாக ஒன்று என இரு முறை ஓட்ட வேண்டும். அண்ணன் மகன் அளவுகோலோடு பின்னால் நடந்து வந்து, ஆழம் குறைந்தால் ஒரு விசிலும் கூடினால் இரண்டு விசிலும் ஊதினான். நான்கு வடிகால்கள் கோடு போட்டாற்போல ஓடின. ஐந்தாவது மட்டும் பின்னோக்கி ஓடியது. வெயிலில் கிடந்த குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்து மட்டத்தைப் பொய்யாக்கியதை யாரும் கவனிக்கவில்லை.

இதில் கருவியின் குற்றம் எவ்வளவு, என் நிலத்தின் குற்றம் எவ்வளவு என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நல்ல சரிவுள்ள மேட்டாங்காட்டில் இந்தப் பேச்சே எழாது. எங்களுடையது கடல் பார்த்த கடைமடை. இங்கே ஓர் அங்குலமும் கணக்குக்குரியது. அதைத் தெரிந்துகொண்டுதானே நான் வாங்கியிருக்க வேண்டும் என்றால், ஆம், நான்தான் தெரிந்திருக்க வேண்டும். விற்றவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு செய்தியும் உண்டு; கிளட்ச் தட்டு அதில்தான் தேய்ந்தது. களிமண்ணில் இக்கருவி ஒழுங்காக வெட்ட வேண்டுமானால் வண்டி மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்து போக வேண்டும். என் வண்டியின் மிகக் குறைந்த வேக கியரே மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போகிறது. ஊர்வதற்கென்று தனி கியர் உள்ள வண்டிகள் இருக்கின்றன. என்னுடையது அவ்வகை இல்லை. இரட்டைக் கிளட்ச் என்பதால் மிதியைப் பாதி அழுத்தி, பி.டி.ஓ. சுற்றிக்கொண்டிருக்க வண்டியை மட்டும் நிறுத்தி நிறுத்தி நகர்த்துகிறேன். தேயாமல் என்ன செய்யும்? பட்டறைக்காரர் தட்டைக் கையில் கொடுத்தபோது அது பப்படம்போல் இருந்தது.

கஜாவில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகளில் சிலவற்றை அப்போது மண்ணுக்குள்ளேயே விட்டு மூடினோம். அவற்றில் கத்தி பட்டால், பி.டி.ஓ.விலிருந்து கருவிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் தண்டில் உள்ள ஷியர் போல்ட் பட்டென்று அறுகிறது. கியர் பாக்ஸைக் காக்க, அறுவதற்காகவே வைக்கப்பட்ட போல்ட் அது என்பதால் எனக்குக் கோபமில்லை. அடிக்கடி அறுகிறதே என்று ஒருவர் உயர்வலு போல்ட் போட்டு ஓட்டி, கியர் பாக்ஸையே உடைத்துக்கொண்ட கதையை அறிவேன். பெட்டியில் இருபது சாதாரண போல்ட் வைத்துக்கொண்டு போவதே உத்தமம்.

ஈரப் பக்குவம் பற்றியும் ஒரு சொல். மண்ணை உள்ளங்கையில் உருட்டினால் திரி திரியாக நீளும் ஈரத்தில் வெட்டக் கூடாது; கத்தி வடிகாலின் பக்கச் சுவரைக் கொத்தனார் பூச்சுப் பூசியதுபோல் வழுவழுப்பாக்கிவிடும், பிறகு மண்ணுக்குள் இருக்கும் நீர் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே கசியாது. கோடை மழை பெய்தால் நான்கைந்து நாள் விட்டு, உருட்டும்போது உதிரும் நிலை வந்த பிறகு இறங்குவது நல்லது. எறும்பு மொய்க்கும் பழத்தைப் போல, அந்தப் பக்குவம் வந்தபின் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும்.

இவை எல்லாம் சரியாக அமைந்த ஆண்டுகளில் தோப்பு மூன்று நாளில் வடிந்திருக்கிறது. வெளியே பொது வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்து நின்ற ஆண்டில் எதுவும் வடியவில்லை. அதற்கு என் கருவி பொறுப்பில்லை. 2019-இல் நட்ட கன்றுகளில் தண்ணீரால் போனவை ஒன்பதே. மற்றவை பாளை விட்டுவிட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கருவிக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவன்.

இருந்தாலும் மாப்பிள்ளைக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். நேற்றுப் பெய்த கோடை மழையில் மூன்றாவது வடிகாலின் நடுவில் நாற்பது அடிக்கு மறுபடியும் தண்ணீர் நிற்கிறது. அதில் தவளை கத்துவது இதை எழுதும் திண்ணை வரை கேட்கிறது. இந்த நிலையில் இன்னொருவரை இதில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வியாபாரி வந்து என் கருவிக்கு நல்ல விலை கேட்டதையும், நான் தர மறுத்ததையும், போன வாரம்தான் புதுக் கத்திகளுக்குச் சொல்லி வைத்திருப்பதையும் தங்கை அவரிடம் சொல்லியிருப்பாள். அதைக் கொண்டு வாதாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணி கடைசியில் என் வண்டியையே ஓட்டிக்கொண்டு வருகிறேன், மாப்பிள்ளை. உங்கள் பக்கத்து முளைகளை நீங்கள் அடித்து வையுங்கள். ஐம்பது அடி மட்டக்குழாய் ஒன்று வாங்கி, நிழலில் வைத்து, குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள்.