நிக்ஸ்குவெஸ்ட்: அஞ்சு தடவ தான் றெக்க அடிக்கலாம்

ரெண்டு ராத்திரி தொடர்ந்து உக்காந்து நிக்ஸ்குவெஸ்ட் முடிச்சுட்டேன், இன்னும் அந்த மணல் கண்ணுக்குள்ளயே இருக்கு. பழைய கேம் தான். ஸ்பெயின்ல ஓவர் தி டாப் கேம்ஸ்னு ஒரு குட்டி ஸ்டுடியோ 2009ல நின்டெண்டோவோட வீ (Wii) கேம் கன்சோலுக்கு பண்ணாங்க, அடுத்த வருஷம் பிசிக்கும் வந்துச்சு. முதல்ல இதுக்கு இக்காரியன்னு தான் பேரு வெச்சிருந்தாங்க. அப்போ வீல டவுன்லோட் பண்ற கேம் 40 எம்பிக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருந்துச்சு, அவ்ளோ சின்ன இடத்துக்குள்ள இப்படி ஒரு உலகத்த அடக்கிருக்காங்களேன்னு எனக்கு இப்பவும் ஆச்சரியம்.

கிரேக்க புராணத்துல வர்ற இக்காரஸ் கதை நெறய பேருக்கு தெரிஞ்சிருக்கும். கிரீட் தீவுல மினோஸ் ராஜா கிட்ட மாட்டிக்கிட்ட டெய்டலஸ் இறகையும் மெழுகையும் வெச்சு தனக்கும் மகன் இக்காரஸுக்கும் றெக்க செய்வான், ரொம்ப மேல போகாதடான்னு சொல்லியும் பையன் சூரியன் கிட்ட போவான், மெழுகு உருகி கடல்ல விழுந்துடுவான். கதை அங்கயே முடிஞ்சுடும். இந்த கேம் அதுக்கு அப்புறம் ஆரம்பிக்குது, விழுந்தவன தேடி யாராவது போனாங்களான்னு கேக்குது. மேல வானத்துல நிக்ஸ்னு றெக்க இருக்குற ஒரு பொண்ணு, அவள பாக்க இக்காரஸ் பறந்து வந்து போயிட்டு இருக்கான், ஒரு நாள் வரல, சரின்னு இவளே கீழ இறங்கி வர்றா, வந்து பாத்தா கிரீஸ் மொத்தமும் மணலா கெடக்கு, கோயில் தூணெல்லாம் சாஞ்சு கெடக்கு, மனுஷங்க யாரும் இல்ல. எனக்கு உடனே நம்ம ராமாயணத்துல வர்ற சம்பாதி ஞாபகம் தான் வந்துச்சு. தம்பி ஜடாயு கருகிடக் கூடாதுன்னு மேல போய் தன் றெக்கய விரிச்சு வெயில வாங்கிக்கிட்டான்ல, இக்காரஸுக்கு அப்படி மறைச்சு நிக்க ஒரு அண்ணன் இல்ல.

ஆடுற விதம் தான் இதுல உயிரே. நிக்ஸ் ஒரு தடவ குதிச்சா காத்துல அஞ்சு தடவ தான் றெக்க அடிக்க முடியும், அப்புறம் மெதுவா மிதந்துக்கிட்டே கீழ வரலாம், திரும்ப அடிக்கணும்னா எங்கயாவது கால ஊனணும். அதனால ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாடியும் நின்னு மனசுல கணக்கு போடுவீங்க, மூணு அடிச்சுட்டு மிதக்கலாமா இல்ல கடைசி வரைக்கும் ஒண்ண மிச்சம் வெக்கலாமான்னு. இது இடது கை வேல. வலது கை மவுஸ்ல இருக்கும், அது தெய்வத்தோட கை. கீழ கெடக்குற கல்லு, ஒடஞ்ச தூணு இதெல்லாத்தயும் கர்சரால புடிச்சு தூக்கி அவ கால் வெக்கிற இடத்துல வெக்கணும், போகப் போக இடியும் உங்க கைக்கு வரும், காத்து எந்தப் பக்கம் அடிக்கணும்னும் நீங்களே திருப்பி விடலாம். அதாவது ஒரே நேரத்துல நீங்க தான் விழப் போற பொண்ணு, நீங்க தான் அவள தாங்குற சாமியும். அஞ்சாவது அடியும் முடிஞ்சு அவ இறங்கிட்டு இருக்கும்போது வலது கை ஒரு கல்ல இழுத்துட்டு வந்து கரெக்டா அடில வெக்கும் பாருங்க, அந்த ஒரு நொடிக்காக மறுபடி மறுபடி ஆடலாம்.

லேப்டாப் டச்பேட்ல மட்டும் ட்ரை பண்ணாதீங்க. நான் முதல் லெவல்ல ஒரு மணி நேரம் திணறுனேன், மவுஸ் மாட்டுனதும் பத்து நிமிஷத்துல தாண்டிட்டேன்.

பேர் விஷயத்துல மட்டும் முதல்ல எனக்கு மனசு ஒப்பல. பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் பாடுன நிக்ஸ் இரவே தான், கேயாஸ்ங்கிற ஆதி வெறுமைல இருந்து பொறந்தவ, தூக்கத்துக்கும் சாவுக்கும் அம்மா, இன்னொரு கவிஞர் ஹோமர் பாட்டுல தெய்வங்களுக்கே ராஜாவான ஸியூஸே அவளுக்கு பயந்து கோவத்த அடக்கிக்குவான். அப்பேர்ப்பட்டவள ஒரு சின்னப் பொண்ணா ஆக்கிட்டாங்களேன்னு இருந்துச்சு. ஆனா பாதி கேம் தாண்டுன அப்புறம் யோசிச்சா, வெயில்ல எரிஞ்சு விழுந்த ஒருத்தன தேடி ராத்திரியே நேர்ல இறங்கி வருதுன்னு எடுத்துக்கலாம்ல? அப்படி பாக்க ஆரம்பிச்சதும் பேர் சரியா உக்காந்துடுச்சு.

மொத்தம் 12 லெவல், எனக்கு அஞ்சு மணி நேரம் கூட ஆகல. நடுவுல மணல் நெறத்தயே பாத்து பாத்து கொஞ்சம் சலிப்பு தட்டும், கதையும் ரொம்ப கம்மியா தான் பேசும். அடிதடி தான் வேணும்னா 2015ல வந்த அப்போதியான் ஆடுங்க, அதுல பழைய கிரேக்க ஜாடில வரைஞ்ச கருப்பு உருவங்களே எந்திரிச்சு ஓடும், பாக்கவே அவ்ளோ அழகு, ஆனா அது சண்ட கேம், மூளைக்கு வேல இதுல தான்.

நேத்து என் தங்கச்சி வந்து பக்கத்துல உக்காந்தா. மவுஸ அவ கைல குடுத்துட்டு கீபோர்ட நான் வெச்சுக்கிட்டேன், நான் நிக்ஸ், அவ சாமி. நாலு அடிச்சு முடிச்சு நான் நடு பள்ளத்துல இருக்கேன், அவ இன்னும் கல்ல இழுத்துட்டு வந்துட்டு இருக்கா, "இருண்ணே இருண்ணே, அந்த கடைசி ஒண்ண அடிச்சிடாத, வந்துட்டேன்"னு கத்துறா.