வாசலில் நிற்பதா, மேசையில் இருப்பதா, விலகுவதா?

2025 ஆவணியில் கெவலார் மாதாவிடம் போயிருந்தோம். ஊரில் மடு மாதா கோவிலுக்குப் போவதுபோல ஜேர்மனித் தமிழ்ச் சனம் வருடம் ஒருமுறை கூடுகிற இடம். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போது பெறாமகள் சொன்னாள்: "சித்தி, நான் திருச்சபையில இருந்து விலகப் போறன். நீங்கள் இவ்வளவு காலம் ஆலயச் சபைக் கூட்டத்துக்குப் போய் என்னத்தைக் கண்டீங்கள்?"

சுற்றிவரச் சனம், அங்கே வைத்து விளக்க முடியவில்லை. அவளைப் போல யோசிக்கிறவர்கள் வேறு பேரும் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய கோபத்தில் பிழை இல்லை. குருக்கள் பிள்ளைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தது பற்றி ஜேர்மன் ஆயர்களே (பிஷப்மாரே) செய்வித்த ஆய்வு 2018 புரட்டாதியில் வெளிவந்தது. 1946 முதல் 2014 வரையான கோப்புகளில் 1,670 குருக்களும் துறவிகளும் திருத்தொண்டர்களும் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள், பாதிக்கப்பட்ட பிள்ளைகள் 3,677 பேர். எங்கள் மூன்ஸ்டர் மறைமாவட்டத்துக்கென்று தனியாக வந்த 2022 ஆய்வில் குறைந்தது 610 பிள்ளைகள். குருத்துவம் இப்படியே தொடர முடியாது என்று பொதுநிலையினர், அதாவது குருக்களும் துறவிகளும் அல்லாத சாதாரண சனம், கேட்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. கேட்பதற்கு மூன்று வழிகள் இருந்தன: விலகிப் போவது, ஆலய வாசலில் நின்று போராடுவது, சபையின் மேசையில் இருந்து கேட்பது. இரண்டை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

விலகுவது சுலபம். எங்கள் மாநிலத்தில் நீதிமன்ற அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய் 30 யூரோ கட்டினால் சரி, வருமான வரியில் 9 வீதமாகப் பிடிக்கிற திருச்சபை வரியும் நின்றுவிடும். 2022இல் மட்டும் 522,821 பேர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் போனார்கள். போனபின் நற்கருணை இல்லை, ஞானத்தாயாக நிற்க முடியாது. நான் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானத்தாய். விலகியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், சிலருக்கு அந்த வாசலை மிதிக்கவே உடம்பு நடுங்கும். ஆனால் போனவருக்கு எந்த ஆயரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வாசலில் நிற்பது. 2019 வைகாசியில் மூன்ஸ்டர் திருச்சிலுவை ஆலயப் பங்குப் பெண்கள் தொடங்கிய 'மரியா 2.0' இயக்கம் ஒரு கிழமை ஆலயத்துக்குள் போகாமலும் ஆலய வேலை எதுவும் செய்யாமலும் இருந்தது. குற்றவாளிகளைப் பதவியிலிருந்து எடுக்க வேண்டும், குருக்கள் கலியாணம் கட்டக்கூடாது என்கிற கட்டாய மணத்துறவு முடிய வேண்டும், பெண்களுக்கும் எல்லாப் பணிகளும் திறக்க வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளை உடுத்து வரச் சொன்னார்கள். பெட்டியின் அடியில் கிடந்த வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு நானும் ஒரு நாள் போய் நின்றேன். வெளியே கல்தரையில் வட்டமாக நின்று பாடினோம். உள்ளே பூசை மணி அடித்தபோது பக்கத்தில் நின்ற கிழவி அழுதுவிட்டார், நாற்பது வருடமாகப் பீடத்துக்குப் பூ வைத்தவராம். எங்கள் தமிழ் அக்கா ஒருவர் பிறகு கேட்டார், "சுவாமிமாரின்ர விசயம் நாங்கள் கதைக்கலாமோ பிள்ளை?" கதைக்கலாம் அக்கா என்றேன். அந்தத் துணிவு எனக்கு அந்தக் கல்தரையில் கிடைத்தது.

ஆனால் வாசலில் எவ்வளவு காலம் நிற்கலாம்? 1995இல் ஒஸ்திரியாவில், வியன்னாக் கர்தினால் குரோயர் மீது பாலியல் குற்றச்சாட்டு வந்த பிறகு, திருச்சபையில் மாற்றம் கேட்ட மனுவில் மூன்றே கிழமையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மணத்துறவைக் குருக்களின் விருப்பத்துக்கு விடுங்கள் என்பது அதில் ஒரு கோரிக்கை. முப்பது வருடம் போய்விட்டது, சட்டம் அப்படியே இருக்கிறது. மரியா 2.0வைத் தொடங்கியவர்களில் இருவர் 2021இல் திருச்சபையை விட்டே விலகினார்கள். அவர்கள் களைத்துப்போனது எனக்கு விளங்குகிறது.

நான் தேர்ந்தது மேசை. சொந்தக் காரணமும் உண்டு. முன்பு நாங்கள் இருந்த பங்கில் ஒரு குருவானவர் ஒரே கிழமையில் மாற்றப்பட்டார். ஏன் என்று கேட்டோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்கிற இடத்தில் நானும் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். 2021 கார்த்திகையில் இப்போதைய பங்கின் அருட்பணிச் சபைக்கு, பங்குச் சனம் வாக்களித்துத் தெரியும் சபைக்கு, தெரிவானேன்.

மேசைக்கு நாடளாவிய உதாரணம் 'சினோடல் பாதை'. திருச்சபையைத் திருத்துவது பற்றிப் பேச ஆயர்களும் பொதுநிலையினரும் சேர்ந்த 230 பேர் கொண்ட சபை, 2019 முடிவில் தொடங்கி 2023 பங்குனியில் முடிந்தது. அதன் பலவீனம் எல்லாரும் அறிந்ததுதான்: தீர்மானங்களுக்குத் தானாகச் சட்டபலம் கிடையாது, ஒவ்வொரு ஆயரும் தன் மறைமாவட்டத்தில் விரும்பினால் நிறைவேற்றலாம். பிறகு கொலோன், ரேகன்ஸ்பூர்க், பாசாவ், ஐக்ஸ்டெட் ஆயர்கள் நால்வர் தொடர் வேலைக்குப் பொதுநிதியிலிருந்து காசு விடவும் மறுத்தார்கள்.

அப்படியென்றால் அங்கே என்ன இருக்கிறது? பெயர் இருக்கிறது. என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

2022 புரட்டாதியில் பாலியல் ஒழுக்கம் பற்றிய அடிப்படை ஆவணம் வாக்கெடுப்புக்கு வந்தது. முழுச் சபையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரவு. ஆயர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைத்தது 33 ஆதரவு, 21 எதிர்ப்பு, 3 நடுநிலை. ஆவணம் விழுந்தது. எதிர்த்த பலர் விவாதத்தில் எழுந்து ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை, வாக்கிலும் யார் எவர் என்று தெரியவில்லை. சபையில் அழுகையும் கோபமும். அதற்குப் பிறகு பெயரோடு வாக்களிக்க வைத்தார்கள். அடுத்த நாள் பெண்களின் பணிகளும் பதவிகளும் பற்றிய ஆவணத்துக்கு ஆயர்கள் 45 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. இரண்டும் வேறு வேறு விடயங்கள், அதனால் பெயர்தான் முழுக் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். என்றாலும் மௌனமாக எதிர்ப்பது அன்றைக்குக் கடினமானது. 2023இல், குருத்துவத்தையும் மணத்துறவையும் கட்டி வைத்திருக்கிற முடிச்சை மறுபடி பரிசீலிக்கும்படி பாப்பரசரைக் கேட்கும் தீர்மானமும் நிறைவேறியது.

இதைப் பார்த்துத்தான் எங்கள் சிறிய சபையிலும் கேட்டேன்: யார் என்ன சொன்னார், எப்படி வாக்களித்தார் என்று குறிப்பில் எழுதுவோம், குறிப்பை ஆலயத்தின் பின்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவோம். சுவாமிக்கு முதலில் பிடிக்கவில்லை. மூன்று கூட்டம் இழுபட்டது. மாட்டிய முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் கண்ணாடியை ஒட்டி நின்று வாசித்தார்கள். பிள்ளைகள் பாதுகாப்புத் திட்டம் எழுதும்போது, முறைப்பாட்டைப் பங்குக்கு வெளியே உள்ள, குருவானவர் அல்லாத ஒருவரிடம் நேரே கொடுக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டோம். அந்தத் தொலைபேசி எண் இப்போது பங்கு மண்டபச் சமையலறைக் கதவில், பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டியிருக்கிறது. ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.

எனக்கு ஒரு தவணை அனுபவம்தான். மணத்துறவும் பெண்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்துவதும் உரோமையின் கையில் இருக்கின்றன, பங்கு மேசையில் இருந்து அதை அசைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 2024இல் நாடு முழுக்க 29 பேர்தான் மறைமாவட்டக் குருக்களாகத் திருநிலைப்பட்டார்கள், அந்தக் கணக்கே உரோமையை அசைக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கண்ணாடிப் பெட்டி சரிவருமா என்று கேட்டால், நான் ஊரை விட்டு வந்து முப்பது வருடம், அங்கே இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் நிற்கிறவர்கள் இல்லாவிட்டால் மேசையில் எங்கள் குரலுக்கும் பலம் இருக்காது. அதனால் அடுத்தமுறை கூப்பிட்டாலும் வெள்ளைச் சேலையோடு போவேன்.

பெறாமகளுக்கு இதை அனுப்புகிறேன். 2025 கார்த்திகையில் பங்குகளில் மறுபடி தேர்தல். நான் மறுபடி நிற்கிறேன். அவள் இப்போதே போய் 30 யூரோ கட்டினால், அவளுடைய பங்கில் வாக்களிக்கிற உரிமையும் போய்விடும். கார்த்திகை மட்டும் பொறு பிள்ளை.