100 எம்பிபிஎஸ் ‘வரை’: வீணை வகுப்புக்கு வாங்கிய ஃபைபர் இணைப்பு

தஞ்சாவூரில் வீணை கற்றுத் தருகிறேன். மாணவர்களில் பாதிப்பேர் இப்போது இணையத்தில்தான் படிக்கிறார்கள்: சிங்கப்பூரில் நால்வர், டொராண்டோவில் இருவர், மெல்பர்னில் ஒருத்தி. பிராட்பேண்ட் நின்றால் அன்றைய வருமானம் நின்றுவிடும். ஆடி மாதம் போட்ட ஃபைபர் இணைப்பை ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு, தை பிறந்ததும் விட்டுவிட்டேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே நிபந்தனைகளை வேறு இரண்டு நிறுவனங்களின் தாளிலும் பார்த்துவிட்டேன்.

மாதம் 799 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 943. ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் இணைப்புக் கட்டணம் கிடையாது என்றார்கள். கட்டினேன். ரௌட்டருக்கு 1,500 ரூபாய் முன்பணம் தனி.

அந்த இரண்டு மதிப்பெண்ணும் லைன்மேனுக்கு உரியவை. ஒரு நாள் காலை மோடத்தில் ‘எல்ஓஎஸ்’ (கேபிளில் சிக்னல் வரவில்லை) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. வாசல் வேப்பமரத்தின் வழியாக வரும் கேபிளை அணில் கடித்திருந்தது. பதினொரு மணிக்குள் அந்தத் தம்பி வந்துவிட்டார். மேலுறையை உரித்து, உள்ளே தலைமுடி அளவே இருக்கும் கண்ணாடி இழையைத் துடைத்து, நேராக வெட்டி, கையடக்க இயந்திரத்தில் இரு முனைகளையும் வைத்து ஒட்டினார். “இனி கிளையில் படாமல் சுவரோடு கொண்டுபோகிறேன் அம்மா” என்று சொல்லி, அப்படியே செய்தும் கொடுத்தார். தேநீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

வேகத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் ‘100 எம்பிபிஎஸ் வரை’, அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வரை, என்று இருக்கிறது. அந்த ‘வரை’க்குள் எல்லாம் அடங்கிவிடும். பகலில் சோதித்தால் பதிவிறக்கம் 84 காட்டும். பதிவேற்றமோ 11, மாலை ஏழு மணிக்கு மேல் ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிடும். படம் பார்ப்பவருக்கு இது உறைக்காது. எனக்கு உறைக்கும், ஏனென்றால் வகுப்பில் ஒலியை அனுப்புகிறவள் நான். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிறேன். அந்தப் பக்கம் அசைவு போய், ஒட்டாத இரண்டு ஸ்வரங்களாகக் கேட்கிறது. மெல்பர்ன் பெண் கேட்டபடியே திருப்பி வாசிக்கிறாள். அவளைத் திருத்துவதா, இணைப்பைத் திருத்துவதா? திட்டத் தாளில் பதிவேற்ற வேகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பாட்டு, நாட்டியம், டியூஷன் சொல்லித் தருகிற எவரும் பணம் கட்டுமுன் இந்த ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நவராத்திரி வாரத்தில் அடுத்த அடி விழுந்தது. மெல்பர்ன் மாணவி கொலுவில் வாசிக்க வேண்டும், தினமும் வகுப்பு. மூன்றாம் நாள் திரை உறைந்து நின்றது. சோதித்தால் பதிவிறக்கம் 2 எம்பிபிஎஸ். அழைத்துக் கேட்டபோதுதான், மாத டேட்டா அளவான 500 ஜிபி தீர்ந்துவிட்டது என்றார்கள். பையன் விடுமுறைக்கு வந்திருந்தான், தொலைக்காட்சி நாளெல்லாம் ஓடியது, தீர்ந்திருக்கும்தான். ஆனால் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரிலேயே இதற்கு உத்தரவு போட்டிருக்கிறது: கம்பிவழி பிராட்பேண்டில் அளவு 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும், அளவுக்குப் பிறகு வேகம் எவ்வளவு என்பதையும் திட்டத்தோடு தெளிவாகச் சொல்ல வேண்டும். என் தாளில் அது பின்பக்கம், நட்சத்திரக் குறிக்குக் கீழே, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது.

அதே தொலைபேசி உரையாடலில் இன்னொன்று சொன்னார்கள். “எங்கள் சினிமா செயலியில் பாருங்கள் மேடம், அது உங்கள் அளவில் சேராது, வேகமும் குறையாது.” எனக்குச் சுருக்கென்றது. என் வகுப்பு தத்தளிக்கிறது. அதே கம்பியில் அவர்கள் படம் ராஜபாட்டையில் போகிறது.

‘இணையச் சமநிலை’ வேண்டும், அதாவது எந்தத் தளத்துக்கும் தனிச் சலுகை கூடாது என்று கேட்டு 2015 ஏப்ரலில் டிராய்க்குக் குவிந்த லட்சக்கணக்கான மின்னஞ்சல்களில் ஒன்று என்னுடையது. அண்ணன் மகன் உட்காரவைத்து விளக்கி, அனுப்பச் சொன்னான். ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ பற்றியும் பிறகு அவன்தான் சொன்னான்: நிறுவனம் தேர்ந்தெடுத்த தளங்கள் மட்டும் இலவசம். இலவசத்தை ஏன் எதிர்க்க வேண்டும் என்று அன்று கேட்டேன். நவராத்திரி வாரத்தில் விடை கிடைத்தது. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி டிராய் கொண்டுவந்த விதி, பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்கிறது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். எந்த உள்ளடக்கத்தையும் தடுக்கவோ, மெதுவாக்கவோ, ஒன்றுக்கு மட்டும் சலுகை வேகம் தரவோ கூடாது என்ற நிபந்தனை 2018இல் இணைய நிறுவனங்களின் உரிமத்திலேயே சேர்ந்தது.

இந்த இரண்டு விதிகளோடு எச்சரிக்கை வராததையும் குறிப்பிட்டுப் புகார் எழுதினேன். வந்த பதில்: “அந்தச் செயலி எங்கள் உள்வலையமைப்பில் ஓடுகிறது, அது இணையமே அல்ல.” இணையத்தைத் தொடாமல் ஓடும் மூடிய வலையமைப்புக்கு 2016 விதியில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் தடையிலிருந்து நழுவுவதற்காக அந்த விலக்கைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அதே செயலியை என் தங்கை திருச்சியில் வேறு நிறுவனத்தின் இணைப்பில் பார்க்கிறாள். அப்படியானால் அது எப்படி மூடிய வலை? இந்தக் கேள்வியை மேல்முறையீட்டில் எழுதினேன்.

மேல்முறையீடு என்றதும் வக்கீல் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். முதலில் புகார் மையத்தில் டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்க வேண்டும். கேட்காவிட்டால் தர மாட்டார்கள். எனக்கு மூன்றாவது அழைப்பில்தான் கிடைத்தது. அதில் தீராவிட்டால் நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அமைப்புக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனி ஆள் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. நானும் முதலில் அங்கேதான் எழுதி ஒரு வாரத்தை வீணாக்கினேன். அதற்கு மேலும் போக வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எனக்கு முப்பத்தோராம் நாள் பதில் வந்தது. எச்சரிக்கை அனுப்பாததை ஒப்புக்கொண்டு ஏழு நாள் கட்டணமாக 220 ரூபாய் கழித்தார்கள். செயலி பற்றிய கேள்விக்கு ஒரு வரி பதிலும் இல்லை. ஆனால் தீபாவளிக்குத் தெருவில் விநியோகித்த துண்டுப் பிரசுரத்தில் ‘அளவில் சேராது’ என்ற வாசகம் காணாமல் போயிருந்தது. அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது போட்டிருக்கும் இணைப்பு மாதம் 60 ரூபாய் கூடுதல். பதிவேற்றம் 40க்குக் குறையாது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டினேன். சொன்ன 40 முழுதாக இல்லை, ஆனாலும் மூன்று வாரமாக மாலை எட்டு மணிக்கும் 37, 38 காட்டுகிறது. மெல்பர்ன் பெண்ணுக்குத் தோடியை மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கிறேன். பழைய ரௌட்டரை ரசீதோடு திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. 1,500 ரூபாய் இன்னும் வரவில்லை. அதற்கும் டாக்கெட் எண் வாங்கிவிட்டேன்.